கணைய நோய்களைக் கண்டறியும் எண்டோஸ்கோப்பி மீயொலிப் பரிசோதனை: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

கணையத்தில் ஏதோ ஒரு மாற்றம் இருப்பதாக ஸ்கேன் அறிக்கை தெரிவித்தபின், உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ “ஈயுஎஸ்” என்னும் பரிசோதனையை மருத்துவர் பரிந்துரைத்திருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யப்படும் மீயொலிப் பரிசோதனையைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கமே அது. வயிற்றுக்குள் குழாயைச் செலுத்துவதும், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுப்பதும் இதில் அடங்குவதால் அச்சம் எழுவது இயல்பே. அந்த அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது மட்டும் நல்லதன்று. இப்பரிசோதனை எதற்காக, எவ்வாறு செய்யப்படுகிறது, அதன் முடிவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

கணையம் எங்கே உள்ளது?

கணையம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சுரப்பி. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், வயிற்றின் ஆழத்தில் குறுக்காக அமைந்துள்ளது. அதன் தலைப்பகுதியைச் சிறுகுடலின் முதற்பகுதியான முன்சிறுகுடல் வளைத்து நிற்கிறது. வால்பகுதி இடப்புறத்தில் மண்ணீரலை எட்டுகிறது. கல்லீரலிலிருந்து பித்தத்தைக் கொண்டுவரும் பித்தநாளம் கணையத்தின் தலைப்பகுதியை ஊடுருவிச் சென்று சிறுகுடலில் திறக்கிறது. தலைப்பகுதியில் கட்டி ஏற்பட்டால் மஞ்சள் காமாலை தோன்றுவதற்கு இதுவே காரணம்.

உணவைச் செரிக்கும் நொதிகளையும், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் கணையம் சுரக்கிறது. ஆகவே கணையம் நோயுற்றால் வயிற்று வலி, எண்ணெய்ப் பசையுடன் கூடிய மலம், எடை குறைதல், நீரிழிவு ஆகியவை தனித்தனியாகவோ சேர்ந்தோ தோன்றலாம்.

வெளியிலிருந்து எடுக்கும் ஸ்கேன் போதாதா?

பலருக்கு அதுவே போதும். கணைய நோய் என்ற ஐயம் எழும்போது முதலில் இரத்தப் பரிசோதனையும் வயிற்று மீயொலி ஸ்கேனும் செய்யப்படுகின்றன. அடுத்து, தேவைக்கேற்ப சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. இவற்றிலேயே விடை தெளிவாகக் கிடைத்துவிட்டால் ஈயுஎஸ் தேவைப்படாது.

வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் மீயொலி ஸ்கேனில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒலி அலைகள் தோல், கொழுப்பு, தசை, இரைப்பை ஆகியவற்றைக் கடந்தே கணையத்தை அடைய வேண்டும். இரைப்பையிலும் குடலிலும் உள்ள வாயு அந்த அலைகளைத் தடுத்துவிடுகிறது. “கணையம் வாயுவால் மறைக்கப்பட்டுள்ளது” என்று பல ஸ்கேன் அறிக்கைகளில் எழுதப்படுவது இதனால்தான். அதனை ஒரு நோயாகக் கருத வேண்டாம்.

ஈயுஎஸ் முறையில் மீயொலிக் கருவி எண்டோஸ்கோப்புக் குழாயின் நுனியில் பொருத்தப்பட்டுள்ளது. குழாய் வாய் வழியாக இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் செல்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது கணையத்திற்கும் கருவிக்கும் இடையே உள்ளது இரைப்பை அல்லது குடலின் சுவர் மட்டுமே. வெளியிலிருந்து வயிற்றை ஸ்கேன் செய்யும்போது பொதுவாக 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் பயன்படுகிறது. ஈயுஎஸ் முறையில் 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் பயன்படுத்த இயலும். அதிர்வெண் கூடும்போது அலைகள் ஊடுருவும் ஆழம் குறையும். ஆனால் படத்தின் நுட்பம் கூடும். கருவி கணையத்தின் அருகிலேயே இருப்பதால் ஆழம் குறைவதால் இழப்பு ஏதும் இல்லை.

எனவே 2 சென்டிமீட்டருக்கும் குறைவான சிறு கட்டிகளையும், பித்தநாளத்தில் உள்ள சிறு கற்களையும் காண்பதில் இம்முறை சிறந்து விளங்குகிறது. இதில் எக்ஸ் கதிர்வீச்சு இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இப்பரிசோதனை பற்றிய முதல் அறிக்கைகள் 1980ஆம் ஆண்டில் வெளிவந்தன. இதன் வழியாகக் கணையத்தில் ஊசி செலுத்தித் திசு எடுக்கும் முறை 1992ஆம் ஆண்டில் டென்மார்க்கில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது.

எந்தெந்தச் சூழல்களில் பரிந்துரைக்கப்படுகிறது?

1. கணையத்தில் கட்டி என்ற ஐயம்

வலியின்றித் தோன்றும் மஞ்சள் காமாலை, காரணமின்றி எடை குறைதல், முதுகுக்குப் பரவும் மேல்வயிற்று வலி, 50 வயதுக்கு மேல் எடைக் குறைவுடன் புதிதாகத் தோன்றும் நீரிழிவு ஆகியவை கணையத்தைக் கவனிக்கத் தூண்டும் அறிகுறிகள். சி.டி. ஸ்கேனில் கட்டி தெரிந்தாலும், கட்டி தெரியாமல் கணைய நாளம் மட்டும் விரிந்திருந்தாலும் ஈயுஎஸ் உதவும். கட்டி அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களைத் தொட்டுள்ளதா, நிணநீர்க் கணுக்கள் வீங்கியுள்ளனவா என்பதையும் இதில் பார்க்கலாம்.

கணையத்தில் தோன்றும் எல்லாக் கட்டிகளும் புற்றுநோய் அல்ல. தன்னுடல் தாக்கு கணைய அழற்சி என்னும் நோய், படத்தில் புற்றுநோய் போலவே தோன்றும். ஆனால் அது ஸ்டீராய்டு மருந்துகளால் குணமடையக்கூடியது. நம் நாட்டில் காசநோய் பரவலாக இருப்பதால், கணையத்திலோ அதைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களிலோ காசநோய் கட்டியாகத் தோன்றுவதும் உண்டு. அதற்கு அறுவைச் சிகிச்சையோ புற்றுநோய் மருந்தோ தேவையில்லை. காசநோய் மருந்துகளே போதும். படத்தை மட்டும் பார்த்து “புற்றுநோய்தான்” என்று முடிவு கட்டிச் சிகிச்சையைக் கைவிடும் குடும்பங்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். திசுப் பரிசோதனையே இந்நோய்களைப் பிரித்துக் காட்ட உதவுகிறது.

2. காரணம் தெரியாத கணைய அழற்சி

திடீர் கணைய அழற்சிக்குப் பித்தக்கற்களும் மதுவும் முதன்மைக் காரணங்கள். வழக்கமான சோதனைகளில் காரணம் தென்படாதபோது, பிற ஸ்கேன்களில் தெரியாத மிகச் சிறிய பித்தக்கற்களையும் கணைய நாளத்தின் பிறவிக் குறைபாடுகளையும் ஈயுஎஸ் காட்டக்கூடும். காரணம் தெரிந்தால் அடுத்த தாக்குதலைத் தடுக்கலாம். அழற்சியின்போது ஏற்படும் வீக்கம் உள்ளிருக்கும் மாற்றங்களை மறைத்துவிடும் என்பதால், இப்பரிசோதனை வழக்கமாகச் சில வாரங்கள் கழித்தே செய்யப்படும். அந்த இடைவெளியைச் சிகிச்சையில் ஏற்பட்ட தாமதமாக எண்ண வேண்டாம்.

3. நாட்பட்ட கணைய அழற்சி

முற்றிய நிலையில் கணையக் கற்கள் எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் தெளிவாகத் தெரியும். தொடக்க நிலையில் உள்ள நுண்ணிய மாற்றங்களைக் காணவே ஈயுஎஸ் பயன்படுகிறது. வயது முதிர்வாலும் மதுப் பழக்கத்தாலும் இத்தகைய மாற்றங்கள் சில தோன்றலாம். ஆகையால் படத்துடன் நோயாளியின் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட பகுதிகளில், மது அருந்தாத இளவயதினருக்கும் கணையத்தில் கற்கள் உருவாகி, வயிற்று வலியும் பின்னர் நீரிழிவும் ஏற்படும் ஒருவகை நாட்பட்ட அழற்சி நீண்டகாலமாக அறியப்பட்டுள்ளது. இதனை வெப்பமண்டலக் கணைய அழற்சி என்பர். கணைய நோய் என்றதும் நோயாளியின் ஒழுக்கத்தை ஐயுறுவது முறையன்று. இந்நோய் பல ஆண்டுகளாக உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பும் கூடுகிறது. வலியின் தன்மை மாறினாலும், எடை திடீரெனக் குறைந்தாலும், காமாலை தோன்றினாலும் “பழைய வலிதானே” என்று விட்டுவிடாமல் மருத்துவரை அணுகுங்கள்.

4. கணைய நீர்க்கட்டிகள்

வேறு காரணத்திற்காக எடுத்த ஸ்கேனில் நீர்க்கட்டி தற்செயலாகத் தென்படுவது உண்டு. அழற்சிக்குப் பின் தேங்கும் நீர்க்கட்டி ஒரு வகை. மெல்லிய நீர் நிறைந்து, பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருப்பது மற்றொரு வகை. பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய, கோழை போன்ற திரவம் நிறைந்த கட்டிகளும் உள்ளன. மருத்துவர் தேவை எனக் கருதினால், கட்டியிலுள்ள நீரைச் சிறிதளவு ஊசியால் எடுத்து அதில் சி.இ.ஏ. என்னும் புரதம், அமைலேஸ் நொதி, சர்க்கரை ஆகியவற்றின் அளவுகளைப் பரிசோதிப்பார். கோழைத் திரவம் கொண்ட கட்டிகளில் பொதுவாகச் சி.இ.ஏ. கூடியும் சர்க்கரை குறைந்தும் இருக்கும். எல்லா நீர்க்கட்டிகளுக்கும் ஊசி தேவையில்லை. பலவற்றைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும்.

“ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும்” என்பது உண்மையா?

திசுப் பரிசோதனை என்றதும் குடும்பத்தினர் பெரும்பாலும் எழுப்பும் கேள்வி இதுவே. ஊசி சென்ற தடத்தில் புற்றணுக்கள் வளர்ந்ததாக மருத்துவ இதழ்களில் சில நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆயினும் அவை மிக அரிதானவை. கணையத்தின் தலைப்பகுதியில் உள்ள கட்டிக்கு முன்சிறுகுடல் வழியாகவே ஊசி செலுத்தப்படுகிறது. பின்னர் அறுவைச் சிகிச்சை நடந்தால் அந்தக் குடல் பகுதியும் கட்டியோடு சேர்த்து அகற்றப்படுகிறது.

மறுபுறம், கீமோதெரபி தொடங்குவதற்கு முன் நோயின் வகை திசுவால் உறுதி செய்யப்பட வேண்டும். வகை மாறினால் மருந்தும் மாறும். எடுத்துக்காட்டாக, நரம்பு நாளமில்லாச் சுரப்பி அணுக்களில் தோன்றும் கட்டிகள் மெதுவாக வளரக்கூடியவை. அவற்றுக்கான சிகிச்சை வழக்கமான கணையப் புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்து வேறுபட்டது. ஊசிக்கு அஞ்சிப் பல வாரங்களைக் கடத்துவதால் நேரும் இழப்பு, ஊசியால் நேரக்கூடிய தீங்கைவிடப் பன்மடங்கு பெரியது.

சி.டி. ஸ்கேனில் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்ற கட்டி தெளிவாகத் தெரிந்தால், திசுப் பரிசோதனை இல்லாமலே அறுவைச் சிகிச்சைக்குச் செல்வதும் ஏற்கப்பட்ட முறையே. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பரிசோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

• வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாக 6 முதல் 8 மணி நேரத்திற்குத் திட உணவு கூடாது. பால், காபி, தேநீர் ஆகியவையும் உணவாகவே கருதப்படும். தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவமனையில் கேட்டு அதன்படி நடங்கள்.
• இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஊசி செலுத்துவதாக இருந்தால் சில நாட்களுக்கு முன்பே அவற்றை நிறுத்த நேரிடலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் அவ்வாறு நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.
• நீரிழிவு உள்ளவர்கள் காலை இன்சுலினையும் மாத்திரையையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அன்றைய அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடைக் குறைப்புக்கோ நீரிழிவுக்கோ வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதையும் தெரிவியுங்கள். சில ஊசி மருந்துகள் உணவை இரைப்பையில் நெடுநேரம் தங்கச் செய்யும்.
• மருந்து ஒவ்வாமை, ஆஸ்துமா, குறட்டையுடன் கூடிய தூக்கத் தடை, கர்ப்பம், முன்பு நடந்த இரைப்பை அறுவைச் சிகிச்சை ஆகியவற்றைக் கூறுங்கள். இரைப்பையின் அமைப்பு அறுவையால் மாறியிருந்தால் கணையத்தின் சில பகுதிகளைக் குழாயால் எட்ட இயலாது.
• பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் கொண்டு வாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படங்களும் குறுந்தகடும் தேவைப்படலாம்.
• உடன் ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

பரிசோதனையின்போது

செயற்கைப் பற்களைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து தெளிக்கப்படும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஒரு சிறு பிளாஸ்டிக் வளையம் பொருத்தப்படும். கையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக மயக்கமூட்டும் மருந்து செலுத்தப்படும். இது வழக்கமான இரைப்பை எண்டோஸ்கோப்பியைவிடச் சற்று நேரம் பிடிக்கும் என்பதாலும், குழாய் சற்றுத் தடிமனானது என்பதாலும் மயக்கம் தேவைப்படுகிறது. மூச்சுக்காற்று உங்கள் சொந்த வழியில் செல்லும். குழாய் செல்வது உணவுப் பாதையில் என்பதால் மூச்சு அடைபடாது. நாடித்துடிப்பும் ஆக்ஸிஜன் அளவும் தொடர்ந்து கண்காணிக்கப்படும்.

பார்ப்பதற்கு மட்டும் ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகலாம். திசு எடுத்தால் நேரம் கூடும். ஊசி குழாயின் உள்ளிருந்தே நீண்டு, திரையில் மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டியை அடைகிறது. வயிற்றில் வெட்டோ தையலோ தழும்போ இராது.

பரிசோதனைக்குப் பின்

மயக்கம் தெளியும்வரை ஓரிரு மணி நேரம் கண்காணிப்பில் இருப்பீர்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். தொண்டையில் சிறு வலியும் வயிற்றில் உப்புசமும் ஓரிரு நாட்களில் மறையும். தொண்டை மரப்பு நீங்கும் முன் எதையும் விழுங்காதீர்கள். 24 மணி நேரத்திற்கு வாகனம் ஓட்டுவதையும், இயந்திரங்களை இயக்குவதையும், பத்திரங்களில் கையொப்பமிடுவதையும் தவிருங்கள்.

ஊசி செலுத்தாமல் பார்ப்பதற்கு மட்டும் செய்யப்படும் ஈயுஎஸ் மிகவும் பாதுகாப்பானது. திசு எடுக்கும்போது இரத்தக் கசிவு, கிருமித்தொற்று, கணைய அழற்சி ஆகியவை 100 பேரில் ஓரிருவருக்கு ஏற்படலாம். அவற்றுள் பெரும்பாலானவை மருத்துவமனைச் சிகிச்சையில் சரியாகிவிடும். குடலில் துளை விழுவது மிக அரிது.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையெனில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

• குறையாத கடும் வயிற்று வலி, குறிப்பாக முதுகுக்குப் பரவும் வலி
• குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல்
• இரத்த வாந்தி அல்லது தார் போன்ற கறுப்பு மலம்
• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கழுத்தில் வீக்கம்
• நிற்காத வாந்தி

அறிக்கையை எவ்வாறு புரிந்துகொள்வது?

பார்த்த விவரங்களின் அறிக்கை அன்றே கிடைக்கும். திசு அறிக்கைக்குச் சில நாட்கள் ஆகும். அதில் பொதுவாக நான்கு வகை முடிவுகளில் ஒன்று இருக்கும்.

“போதிய திசு இல்லை” என்றால் பரிசோதனை விடை தரவில்லை என்றே பொருள். நோய் இல்லை என்று பொருளன்று. மீண்டும் எடுக்க வேண்டியிருக்கலாம்.

“புற்றணுக்கள் காணப்படவில்லை” என்பது நல்ல செய்தியே. ஆயினும் அதுவே இறுதிச் சொல் அன்று. கணையப் புற்றுநோய் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 85 முதல் 90 பேருக்கு இப்பரிசோதனை அதனை உறுதி செய்கிறது. எஞ்சியோருக்கு முதல் முறையில் தவறிப்போகலாம். நாட்பட்ட அழற்சி உள்ள கணையத்தில் இவ்வாறு தவறும் வாய்ப்பு கூடுதல். எனவே ஐயம் நீடித்தால் மறுபரிசோதனைக்கு மருத்துவர் அழைப்பார். “ஒருமுறைதான் இல்லை என்று வந்துவிட்டதே” என்று வராமல் இருந்துவிடாதீர்கள்.

“ஐயத்திற்குரிய அணுக்கள்” என்ற முடிவு வந்தால் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுடன் சேர்த்து மருத்துவர் குழு முடிவெடுக்கும்.

“புற்றுநோய் உறுதி” என்று வந்தால், அறுவைச் சிகிச்சை நிபுணரையும் புற்றுநோய் மருத்துவரையும் விரைவாகச் சந்திப்பதே அடுத்த படி. அறுவைச் சிகிச்சை இயலாத நிலையிலும் காமாலையைக் குறைக்கவும், வலியைத் தணிக்கவும், உணவு செரிக்கவும் செய்யக்கூடியவை பல உள்ளன. கடும் வலி உள்ளவர்களுக்கு, வலியைக் கடத்தும் நரம்புப் பின்னலில் இதே ஈயுஎஸ் முறையில் மருந்து செலுத்தவும் இயலும்.

பராமரிப்போருக்கு

நோயாளி அறிந்தால் மனம் உடைந்துவிடுவார் என்று எண்ணி, முடிவை அவரிடமிருந்து மறைக்குமாறு குடும்பத்தினர் கேட்பதுண்டு. அவ்வாறு கேட்பது அன்பினால்தான். எனினும், சுயநினைவுள்ள வயதுவந்த நோயாளியின் ஒப்புதல் கையொப்பம் அவருடையதாகவே இருக்க வேண்டும். தமக்கு என்ன செய்யப்படுகிறது என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை முதலில் அவரிடமே கேளுங்கள். மருத்துவர் உடனிருக்கும்போது, அவசரமின்றி, அவருக்குப் புரியும் சொற்களில் பேசுவது உதவும்.

மருத்துவரைச் சந்திக்கும்போது இக்கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

• இப்பரிசோதனையின் முடிவால் சிகிச்சையில் என்ன மாற்றம் ஏற்படும்?
• பார்ப்பது மட்டுமா, திசுவும் எடுக்கப்படுமா?
• எந்த மருந்தை எப்போது நிறுத்தி, எப்போது மீண்டும் தொடங்க வேண்டும்?
• திசு அறிக்கை எப்போது, யாரிடம் கிடைக்கும்?
• விடை தெளிவாக வராவிட்டால் அடுத்து என்ன செய்வது?

எங்கே செய்துகொள்வது?

இதற்கான கருவியும் தனிப்பயிற்சி பெற்ற மருத்துவரும் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குடல், இரைப்பை நோய்ப் பிரிவிலோ கேட்டால், வசதியுள்ள இடத்திற்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். தனியார் மருத்துவமனைக்குச் செல்வதாயின், அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இப்பரிசோதனைக்கு இடமுண்டா என்பதை அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற முடிவை, உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவருடன் கலந்து எடுங்கள். காமாலை, எடைக் குறைவு, தொடர்ந்த மேல்வயிற்று வலி ஆகியவை இருந்தால் இன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள்.